சட்டம், மருத்துவக் காப்பீடு, கணினிப் பாதுகாப்பு: மூன்றுக்கும் தண்டர்பேர்ட் போதுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள், நம் மருத்துவக் காப்பீடு, நம் கணினியின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பற்றிய செய்திகளை அவற்றை வெளியிட்டவரிடமிருந்தே நேராக வாங்கிப் படிக்க நினைப்பவர்களுக்குத் தண்டர்பேர்டைவிட நல்ல இலவச மென்பொருளை நான் பார்க்கவில்லை. சட்டத்துக்கும் கணினிப் பாதுகாப்புக்கும் பிரமாதமாக வேலை செய்கிறது. காப்பீட்டு விஷயத்தில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. அந்த மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்பதையும் கீழே சொல்கிறேன்.

சிறிய நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பு என்னுடையது. பெரிய இடங்களில் சட்டத்துக்கு ஒரு பிரிவு, ஊழியர் நலனுக்கு ஒரு பிரிவு, கணினிக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். எங்களிடம் மூன்றும் ஒரே மேஜைக்குத்தான் வரும். விடுப்பு விதி மாறினாலும், க்ரூப் பாலிசியில் ஒரு ஷரத்து மாறினாலும், யாருடைய கணினியிலாவது விசித்திரமாக ஒரு பெட்டி எழும்பி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே "எங்கேயோ படித்தேன்" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. எங்கே வந்தது, யார் வெளியிட்டது, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும்.

தண்டர்பேர்டைப் பலரும் மின்னஞ்சல் படிக்கும் மென்பொருளாகத்தான் அறிவார்கள். டிசம்பர் 2004-இல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே செய்தியோடைகளைப் படிக்கும் வசதியும் கூடவே வந்துவிட்டது. செய்தியோடை என்பது ஆர்எஸ்எஸ் (RSS) அல்லது ஆட்டம் (Atom) என்ற வடிவத்தில் ஒரு இணையதளம் தன் புதிய வெளியீடுகளை வரிசையாகப் பட்டியலிட்டு வைக்கும் சிறிய கோப்பு. தலைப்பு, தேதி, சுருக்கம், இணைப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான் அதில் இருக்கும். நம் கணினியில் உள்ள மென்பொருள் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால் கொண்டுவந்து வைக்கும். 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர்களில் ராமநாதன் குஹா ஒருவர். சென்னை ஐஐடியில் படித்தவர். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது. ஏனென்றால் இணையத்தில் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ விஷயங்கள் காணாமல் போய்விட்டன. இது இன்னும் உயிரோடு இருக்கிறது. பாட்காஸ்ட் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் தெரியாமலேயே இதைத்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியில் உள்ளேயே இருந்த செய்தியோடை வசதியை டிசம்பர் 2018-இல் 64-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இரண்டு முறையும் "ஆர்எஸ்எஸ் செத்துப்போச்சு" என்று எழுதித் தள்ளினார்கள். அரசு இணையதளங்களையும் பாதுகாப்பு ஆய்வாளர்களையும் யாரும் கேட்கவில்லை போலும். அவர்கள் பாட்டுக்கு வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நிறுவுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புதிய கணக்கு சேர்க்கும் இடத்தில் மின்னஞ்சலுக்குப் பதிலாக ஃபீட் (செய்தியோடை) கணக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். மின்னஞ்சல் முகவரியே கொடுக்க வேண்டாம், எங்கேயும் பதிவுசெய்ய வேண்டாம். அதன் கீழே சட்டம், காப்பீடு, பாதுகாப்பு என்று மூன்று கோப்புறைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் அதற்குரிய ஓடைகளைச் சேர்த்திருக்கிறேன். ஓடையின் முகவரியைத் தேடிப் பிடிப்பதுதான் புதியவர்களுக்குத் தகராறு. பல தளங்களில் அடிப்பகுதியில் ஆரஞ்சு நிறச் சின்னம் இருக்கும். இல்லையென்றால் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, 'ஆர்எஸ்எஸ்' அல்லது 'ஆட்டம்' என்பதன் ஆங்கில எழுத்துகளைப் போட்டுத் தேடினால், மறைத்து வைத்த முகவரி பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இனி சட்டத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

சட்டச் செய்திகளில் மக்கள் குழம்புவது பெரும்பாலும் தேதியில்தான். மசோதா தாக்கலாவது ஒரு தேதி, நிறைவேறுவது ஒரு தேதி, ஒப்புதல் கிடைப்பது ஒரு தேதி, அமலுக்கு வருவது வேறு தேதி. நாளிதழ்த் தலைப்பு இவை நான்கையும் "புதிய சட்டம்" என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிடும். இந்தியாவின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதியத் தொகுப்பு 2019-இல் நிறைவேறியது. மற்ற மூன்றும் 2020-இல் நிறைவேறின. நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பர் 21 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் "அடுத்த மாதம் முதல் கையில் வாங்கும் சம்பளம் குறையும்" என்று எத்தனை ஃபார்வர்டுகள் சுற்றின! ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் அப்படித்தான். ஏப்ரல் 2016-இல் ஏற்கப்பட்டது, 2018 மே 25 முதல்தான் பொருந்தியது. அந்த இரண்டு ஆண்டு எதற்காகக் கொடுக்கப்பட்டது? தயாராவதற்காக. எத்தனை நிறுவனங்கள் கடைசி வாரத்தில் விழுந்தடித்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பின என்பது அப்போது இணையத்தில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வெளியிடுகிற இடத்திலிருந்தே ஓடையை வாங்கினால் இந்தக் குழப்பம் வராது. பிரிட்டனில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் சட்டத் தளம் புதிதாக வரும் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆட்டம் ஓடை தருகிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசிதழின் தளத்தில் வேண்டிய துறையை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கென்று ஓடை எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத் தளத்தில் நாமே ஒரு தேடலை அமைத்து, அதையே ஓடையாக மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நாடாளுமன்றம், அரசிதழ், தொழிலாளர் துறை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய நான்கு இடங்களிலும் ஓடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான்கிலும் இருக்காது. இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்டர்பேர்ட் இங்கே என்ன கூடுதலாகச் செய்கிறது? வடிகட்டி. மின்னஞ்சலுக்கு எழுதுவது போலவே ஓடைக்கும் விதி எழுதலாம். தலைப்பில் 'ஊதியம்', 'பணிக்கொடை', 'மகப்பேறு' போன்ற சொற்கள் வந்தால் சிவப்புக் குறிச்சொல் போடச் சொல்லியிருக்கிறேன். அரசிதழில் நாளொன்றுக்கு எவ்வளவோ வரும். மீன்பிடித் துறைமுக எல்லை மாற்றம் எனக்கு எதற்கு? அவை ஓடையில் வரும், நான் பார்க்க வேண்டியதில்லை. சிவப்பாக இருப்பவற்றை மட்டும் திறப்பேன். படித்து முடித்து, அமலாகும் தேதியை அதே மென்பொருளில் உள்ள நாட்காட்டியில் குறித்துவிடுவேன். படிக்கும் சாளரமும் தேதி குறிக்கும் சாளரமும் அடுத்தடுத்த தாவலில் இருப்பது சின்ன வசதியாகத் தோன்றலாம். வேறு மென்பொருளுக்குத் தாவும் அந்த ஒரு நிமிடத்தில்தான் தொலைபேசி அடிக்கும், தேதி மறந்துபோகும்.

இன்னொன்றும் உண்டு. ஓடையில் வந்தவை நம் கணினியின் வட்டிலேயே சேமிக்கப்படுகின்றன. நாளைக்கே அந்தத் தளம் தன் அறிவிப்பைத் திருத்தினாலும், பழையதை நீக்கினாலும், முதலில் என்ன தலைப்பில், என்ன சுருக்கத்தோடு, எந்தத் தேதியில் வந்தது என்பது என்னிடம் இருக்கும். விளக்கம் கேட்டு அதிகாரிக்கு எழுதும்போது "உங்கள் இன்ன தேதி அறிவிப்பில்" என்று தொடங்க முடிகிறது. அப்படித் தொடங்கும் கடிதத்துக்குப் பதில் வரும் மரியாதையே வேறு.

காப்பீட்டு விஷயத்தில் என் மனக்குறை கொஞ்சம் பெரியது.

ஊழியர்களுக்கு உண்மையில் அதிகம் வலிப்பது இதுதான். சட்டம் தெரியாவிட்டால் அபராதம், அதை நிறுவனம் கட்டும். பாலிசியில் எது அடங்கும், எது அடங்காது என்று தெரியாவிட்டால் மருத்துவமனை பில்லிங் கவுண்டரில் நிற்கிற குடும்பம் கட்ட வேண்டும். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம், அறை வாடகை உச்சவரம்பு, இணை செலுத்தம் (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு), கேஷ்லெஸ் வசதி உள்ள மருத்துவமனைகளின் பட்டியல் என்று ஒவ்வொன்றும் புதுப்பிக்கும்போது சத்தமில்லாமல் மாறக்கூடியவை. இத்தனை முக்கியமான மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் செய்தியோடையாகத் தருவதில்லை. நான் தேடிய வரையில் சிக்கவே இல்லை. பிடிஎஃப் கோப்பாகத் தளத்தின் ஏதோ ஒரு மூலையில் போட்டுவிடுகிறார்கள். விளம்பரத்துக்கு மட்டும் குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது. வாடிக்கையாளரின் உரிமையைப் பாதிக்கும் மாற்றத்தை, வாடிக்கையாளர் தானாகப் பெறும் வடிவத்தில் வெளியிட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டாயப்படுத்த வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

அதனால் இந்தக் கோப்புறையில் நான் வைத்திருப்பது காப்பீட்டு நிறுவனங்களை அல்ல, அவற்றுக்கு மேலே உள்ளவர்களை. ஒழுங்குமுறை ஆணையம், சுகாதார அமைச்சகம், உலக சுகாதார நிறுவனம். மேலே விதி மாறினால் கீழே பாலிசி மாறியே ஆக வேண்டும். எப்போது மாறும் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் கட்டுப்படியாகும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இதற்கு நல்ல பாடம். கையெழுத்தானது 2010 மார்ச் 23. பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்ற பிரிவு, அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் பாலிசி ஆண்டிலிருந்து செல்லும். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லிப் பெரியவர்களுக்குக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்ற பிரிவோ 2014 ஜனவரி 1-இலிருந்துதான் வந்தது. ஒரே சட்டம், இரண்டு தேதி. அதிலும் முதல் பிரிவில் "பாலிசி ஆண்டு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பக்கத்து நிறுவனத்தில் ஒருவருக்கு அக்டோபரிலேயே கிடைத்த சலுகை, இங்கே ஜனவரியில் புதுப்பிக்கும் பாலிசிக்கு ஜனவரியில்தான் கிடைக்கும். மற்ற நாடுகளிலும் இதே மாதிரி எழுதுவது உண்டு. ஆகவே ஒழுங்குமுறை ஆணையத்தின் ஓடையில் ஒரு சுற்றறிக்கை வந்ததும் நான் முதலில் தேடுவது "புதிய பாலிசிகளுக்கா, புதுப்பிக்கப்படும் பாலிசிகளுக்குமா" என்ற வரியை. அது இல்லாமல் ஊழியர்களுக்கு எதையும் அறிவிப்பதில்லை.

நிறுவனத்தின் பிடிஎஃப் மாறியதா என்று பார்க்க, பக்கத்தின் மாற்றத்தைக் கண்காணிக்கும் தனிச் சேவைகள் உண்டு. சில அந்த மாற்றத்தையே ஓடையாகத் தரும், அதைத் தண்டர்பேர்டில் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. முகப்பில் ஒரு விளம்பரப் படம் மாறினாலும் 'மாறிவிட்டது' என்று கத்துகிறது. புதுப்பிக்கும் பருவத்தில் பழைய பாலிசி ஆவணத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே வரிவரியாக ஒப்பிடுகிறேன். விலக்குகள் என்ற பகுதியிலிருந்து தொடங்குவேன். மாற்றம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

காப்பீடும் கணினிப் பாதுகாப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இளையவர் ஒருவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு பதறியபடி வந்தார். "அக்கா, நம்ம இன்ஷூரன்ஸ் கார்டைப் புது விதிப்படி இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரிபார்க்கணுமாம். இல்லேன்னா குழந்தை பேரு நீங்கிடுமாம். லிங்க் வந்திருக்கு."

"எதையும் அமுக்காதப்பா. கொடு, பார்ப்போம்" என்று வாங்கினேன். நிறுவனத்தின் சின்னம் அச்சுப் பிசகாமல் இருந்தது. முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். கீழே பிறந்த தேதி, அடையாள எண், ஓடிபி எல்லாம் கேட்டு ஒரு படிவம். தண்டர்பேர்டைத் திறந்து, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஓடையை அவருக்கே காட்டினேன். கடைசியாக வந்திருந்த அறிவிப்பு முகவர்களின் உரிமம் பற்றியது. அப்படி ஒரு புது விதியே இல்லை. இல்லாத விதியை எப்படி இன்று இரவுக்குள் நிறைவேற்றுவது? அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அன்று மாலையே தன் கணினியில் அந்த ஓடையைச் சேர்த்துத் தரச் சொன்னார்.

மின்னஞ்சல் செய்திமடலைவிடச் செய்தியோடையை நான் விரும்புவதற்குக் காரணமும் இதுதான். மின்னஞ்சல் பெட்டிக்குள் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் நுழையலாம். ஓடைக்குள் வருவது நான் போய் எடுத்துவந்த முகவரியிலிருந்து மட்டும். அந்தத் தளமே உடைக்கப்பட்டால் ஒழிய, மூன்றாம் ஆள் அதில் ஒரு வரியைச் செருக முடியாது. என் முகவரி அவர்களிடம் இல்லாததால் விற்கவும் முடியாது, திருடுபோகவும் முடியாது.

பாதுகாப்புக் கோப்புறைதான் மூன்றிலும் மிகவும் அடர்த்தியானது. இங்கே வடிகட்டி இல்லாவிட்டால் மூச்சு முட்டும். மென்பொருள்களில் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிவிஇ எண் கொடுக்கிறார்கள். 1999-இல் தொடங்கிய முறை அது. 2024-இல் மட்டும் ஏறக்குறைய 40,000 எண்கள் வெளியாயின. யாரால் படிக்க முடியும்? படிக்கவும் வேண்டாம். நம்மிடம் இருக்கும் மென்பொருள்களின் பெயர்களை மட்டும் வடிகட்டியில் கொடுத்தால் போதும். இயங்குதளம், உலாவி, அலுவலகத் தொகுப்பு, கணக்கு மென்பொருள், ரவுட்டர் தயாரிப்பாளர். எங்கள் பட்டியல் ஒரு தாளின் பாதிக்கு மேல் போகாது.

அவற்றிலும் எதை முதலில் கவனிப்பது? அபாய மதிப்பெண் பத்துக்கு எவ்வளவு என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அதைவிட நல்ல அளவுகோல், அந்த ஓட்டையை யாராவது ஏற்கெனவே பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறார்களா என்பது. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, நவம்பர் 2021 முதல் அப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. லட்சக்கணக்கான சிவிஇ எண்களில் அந்தப் பட்டியலில் ஏறியவை ஆயிரத்துச் சில நூறுதான். அதில் ஏறியதும் நம்மிடம் இருப்பதும் ஒன்றாக இருந்தால் அன்றைக்கு மற்ற வேலை எல்லாம் அப்புறம்.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை வெளியிடுகிறது. எங்கள் நாட்காட்டியில் அது நிரந்தரமாக இருக்கிறது. இதன் அருமையை, கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதலைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை. அது பரவியது 2017 மே 12 அன்று. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் கணினிகள் முடங்கி, சிகிச்சைக்கு நாள் குறித்து வந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னால்! செய்தி இருந்தது, மருந்தும் இருந்தது. அதைப் பார்த்து, அன்றைக்கே நிறுவ வேண்டியது ஒருவருடைய வேலையாக இருந்திருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்பதும் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்த தேதிதான். அப்படியும் அந்த வாரத்தில் "திடீரென்று நிறுத்திவிட்டார்கள்" என்று புலம்பியவர்களைப் பார்த்தேன்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் தாக்கப்பட்டது இன்னும் நெருக்கமான உதாரணம். மருத்துவக் காப்பீட்டுக் கிளெய்ம்களை மருத்துவமனைக்கும் காப்பீட்டாளருக்கும் இடையே கைமாற்றிவிடும் நிறுவனம் அது. மருந்தகங்களில் காப்பீட்டைச் சரிபார்க்க முடியாமல் வாரக்கணக்கில் தவித்தார்கள். ஏறக்குறைய 19 கோடிப் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் தாய் நிறுவனம் சொன்னது. தாக்கியவர்கள் நுழைந்த தொலைவழி வாசலில் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) இல்லை என்பதை அதன் தலைவரே நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். அந்தச் செய்தியை ஓடையில் படித்த அன்று, எங்கள் காப்பீட்டுத் தளத்துக்கான நிர்வாகக் கணக்கில் இரண்டாம் அடுக்கு இருக்கிறதா என்று பார்த்து, எல்லோருக்கும் கட்டாயமாக்கினேன். செய்தியைத் தெரிந்துகொள்வது என்றால் எனக்கு அதுதான். படித்த கையோடு நம் வீட்டுக் கதவைப் போய் இழுத்துப் பார்ப்பது.

ஓடையால் முடியாத ஒன்று, தனிப்பட்ட எச்சரிக்கை. உங்கள் மின்னஞ்சல் முகவரி ஏதாவது தரவுக் கசிவில் சிக்கியிருக்கிறதா என்பதை எந்தப் பொது ஓடையும் சொல்லாது. அதற்கு ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013 டிசம்பரில் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் முகவரியைப் பதிந்து வைக்கலாம். புதிய கசிவில் அது தென்பட்டால் மின்னஞ்சல் வரும். நிறுவனத்தின் முழு டொமைனையும், அதாவது அதன் எல்லா மின்னஞ்சல் முகவரிகளையும், ஒரே இடத்தில் கண்காணிக்கவும் வழி இருக்கிறது. இதை மட்டும் மின்னஞ்சலில் வாங்குகிறேன். வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், தளத்துக்கு நானே போய்ப் பார்ப்பேன்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது விமர்சனமே ஆகாது. முதல் குறை, கைபேசி. 2024 இறுதியில் ஆண்ட்ராய்டுக்கு வந்த தண்டர்பேர்டில் மின்னஞ்சல் மட்டும்தான், செய்தியோடை இல்லை. அலுவலகக் கணினியில் படித்தது வீட்டுக் கணினியில் படிக்காததாகவே நிற்கும். இரண்டுக்கும் ஒத்திசைவு கிடையாது. பயணத்தில் படிக்க வேண்டியவர்களுக்கு ஃபீட்லியோ இனோரீடரோ பொருத்தம். அவை சேவையகத்தில் இயங்குவதால் எங்கே திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பதிலுக்கு, நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். முக்கிய வசதிகளுக்குக் கட்டணமும் உண்டு. சொந்தச் சேவையகம் வைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போட்டுக்கொள்ளலாம். ஆப்பிள் கருவிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் அருமை, இலவசமும்கூட.

இரண்டாம் குறை இன்னும் ஆபத்தானது. ஒரு தளம் தன் ஓடையின் முகவரியை மாற்றிவிட்டால், தண்டர்பேர்ட் அந்தக் கோப்புறையின் சின்னத்தில் சிறிய பிழைக் குறியைக் காட்டுவதோடு சரி. சத்தமாக எதுவும் சொல்லாது. புதிதாக எதுவும் வராமல் இருப்பதை "நல்ல வேளை, எதுவும் மாறவில்லை" என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுவோம். அரசுத் தளங்கள் வடிவமைப்பை மாற்றும்போதெல்லாம் இது நடக்கிறது. இதற்குத் தெளிவான எச்சரிக்கைப் பெட்டி வேண்டும். இத்தனை ஆண்டுகளாக வளர்த்துவரும் மென்பொருளில் இதைச் செய்யாமல் விட்டிருப்பது எனக்கு வருத்தம்தான். மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை நிறுவும்போதே, நீண்ட நாளாகச் சலனமில்லாத ஓடைகளைத் திறந்து மூலத் தளத்தோடு ஒப்பிட்டுவிடுகிறேன்.

மூன்றாவது, சில ஓடைகளில் சுருக்கத்துக்குப் பதில் முழு இணையப் பக்கத்தையே திறந்துவிடுகிறது. மெதுவாக இருக்கிறது, தேவையில்லாத நிரல்களும் கூடவே வருகின்றன. கணக்கு அமைப்புகளில் சுருக்கத்தை மட்டும் காட்டும்படி மாற்றிவிடுங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை அது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஒரு சங்கத்தின் செயலாளர், சிறு நிறுவனத்தின் கணக்காளர், வயதான பெற்றோரின் காப்பீட்டைக் கவனித்துக்கொள்ளும் மகன் அல்லது மகள் என்று, பிறருக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் உள்ள எல்லோருக்கும். தலைப்புச் செய்திகளை மேய்ந்தால் போதும் என்பவர்களுக்கு இது வறட்சியாகத் தெரியும். படமில்லை, பரபரப்பில்லை, தேதி வாரியாக வரிசையாக நிற்கும் தலைப்புகள் மட்டும்தான்.

சேர்த்து வைத்த ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அந்தக் கோப்பைப் பெரும்பாலான ஓடை படிப்பான்களில் இறக்கிக்கொள்ள முடியும். எனவே தண்டர்பேர்ட் பிடிக்காவிட்டாலும் உழைப்பு வீணாகாது. ஏற்றுமதி செய்த கோப்பை வேறொரு வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விடுப்பில் போகும்போது உங்கள் இடத்தில் உட்காருபவரின் கணினியிலும் அதை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.